தங்கிவிட்ட தோணி

மாமி பூசையிலிருந்து வந்ததும் சொல்லிவிட வேண்டும். செருப்பைக் கழற்றி, முக்காட்டை எடுத்து, ஒரு செம்பு தண்ணீர் குடிக்கும் வரைக்கும் விடலாம், அதற்கு மேல் விட்டால் குழம்பு கொதித்துவிடும், சென்னியப்பன் வாசலில் வந்து நின்றுவிடுவார், பிறகு அவரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல. மாதா கோயில் ஒலிபெருக்கியில் இப்போதுதான் பிரசங்கம் ஆரம்பித்திருக்கிறது. புதுச் சாமியார் நீட்டி முழக்குகிறவர், எனக்கு நல்லதுதான். மீனை ஆய்ந்து, தேங்காய் அரைத்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் பக்குவமாக எடுத்து வைத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. வாக்கியம் ஒன்று என்று சொல்கிறேன், உண்மையில் இரண்டு. இன்றைக்குச் சாப்பிட வருகிறவர் ஆபீஸ் வேலையாக வருகிறவர் அல்ல, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்பவர் என்பது ஒன்று. அதைச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியது இன்னொன்று, உங்கள் மகன் இறந்துவிட்டார் மாமி என்பது. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாதது. என் வீட்டுக்காரர் கிறிசாந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிய தோணியில் போனார், திரும்பி வரவில்லை, அவருடைய அம்மாவும் நானும் இந்த இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம், இவ்வளவுதான் கதை. மீன் நல்ல மீன், கண் இன்னும் தெளிவாக இருக்கிறது, செதில் பறந்து வந்து மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறது. தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு இந்த ஈர வாசனையே ஞாயிற்றுக்கிழமை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வெட்கம் கெட்ட சந்தோஷம், காலையிலிருந்து காரணமில்லாமல் இரண்டு தரம் கண்ணாடி பார்த்தாகிவிட்டது, நாற்பது தாண்டியவளுக்கு இது தேவையா என்று நானே என்னைக் கேலி செய்துகொண்டும் ஆயிற்று.

சொல் கிடைக்காமல் தவிப்பது எனக்கு வர வேண்டிய கஷ்டமே இல்லை, ஏனென்றால் நான் பிழைப்பதே சொல்லில்தான். கப்பல் காப்பீட்டுக்குச் சேதம் மதிப்பிடும் ஆபீஸில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிய காப்பீட்டுப் பத்திரங்களைத் தோணிக்காரர்களுக்குப் புரிகிற தமிழில் ஆக்கித் தருவது என் வேலை. இந்த வருஷம் எங்கள் முதலாளிக்கு ஓர் ஆசை, இந்தச் சொற்களையெல்லாம் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்று. நங்கூரத்தில் ஆரம்பித்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ‘ஷிப்ரெக்’ வந்து வழியை மறித்தது. கப்பற்சேதம் என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சேதம் வடமொழி, வெட்டுவது என்று பொருள். பயிர் சேதம், பஸ் சேதம் என்று எதற்கும் ஒட்டவைக்கிற சொல். கதவில் கீறல் விழுந்தாலும் சேதம்தான். விபத்து என்று போட்டால் ரோட்டில் லாரி மோதியது போல இருக்கிறது. பழைய தமிழில் கலம் உடைந்தது என்பார்கள், அது அழகு, உடைகிற சத்தம் காதில் கேட்கிறது. லத்தீனிலும் அப்படியேதான், கப்பலும் உடைவதும் சேர்ந்து ஒரு சொல், எங்கள் மூதாதையருக்கு ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துக்கீசியர் வாயிலும் அதே சொல்தான். உலகம் பூராவும் மனுஷனுக்குக் கப்பல் உடைந்துதான் போயிருக்கிறது. கலம் என்றால் சோறு தின்கிற பாத்திரமும்தானே என்று முதலாளி கேட்டார். பாத்திரம் உடைந்ததற்கு யார் காப்பீடு கேட்டு வரப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன், சிரித்தார். ஆனாலும் நான் எழுதவில்லை. அந்த ஒரு இடத்தை வெற்றாக விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விட்டேன். உடைந்ததா என்று எனக்குத் தெரியாதே. கவிழ்ந்ததா, அலை மூடியதா, பாறையில் ஏறியதா, பார்த்தவர் யார்.

புளி இன்னும் ஊறவில்லை, சுடுதண்ணீர் விட்டிருக்க வேண்டும். சாமியார் காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார், தேடட்டும். இந்த ‘ரெக்’ இருக்கிறதே, அதன் மூலத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆதியில் அது கப்பலைக் குறித்த சொல்லே இல்லையாம். கடல் தள்ளிக்கொண்டு வந்து கரையில் போட்டதற்குத்தான் அந்தப் பெயர். பலகை, பீப்பாய், கயிறு, எது ஒதுங்கினாலும் அதுதான் ‘ரெக்’. பிறகுதான் பெயர் கரையிலிருந்து கடலுக்குப் போய், உடைந்த கப்பலின் மேல் ஏறி உட்கார்ந்தது. அப்படியானால் எங்களுக்கு நடந்தது அதுகூட இல்லை. எங்களுக்கு எதுவும் ஒதுங்கவில்லை. மணப்பாட்டிலிருந்து வேம்பார் வரைக்கும் சொந்தக்காரர்கள் கரையைப் பார்த்தார்கள், இலங்கைப் பக்கம் சொல்லிவிட்டோம், ஒரு தண்ணீர்ப் பீப்பாய் வரவில்லை, பாயின் கிழிசல் வரவில்லை. அந்தச் சமயத்தில் துறைமுகத்தில் யாரோ, பெரிய காற்று ஆயிற்றே, எங்காவது தீவு மறைவில் தங்கியிருக்கும் என்றார்கள். தோணிக்காரர்கள் வாயில் வழக்கமாக வருகிற பேச்சுதான், காற்று திரும்புகிற வரைக்கும் தோணி தங்கும், பிறகு வரும். மாமி அதைப் பிடித்துக்கொண்டாள். ‘தோணி தங்கிருச்சு’ என்றாள், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரு வாரம் கழித்தும் சொன்னாள், மழைக்காலம் முடிந்தும் சொன்னாள், அடுத்த வருஷம் புதுக்கதவு போட்டபோது, உயரமா வையுங்க, அவன் வந்தா தலையில இடிக்கும் என்று தச்சரிடம் சொன்னாள். நானும் அப்படியே சொல்லப் பழகினேன். சொல்லச் சொல்ல நாக்குக்கு அது சாதாரணமாகிவிட்டது, ரேஷன் கடையில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால்கூட, தோணி தங்கிருச்சு, நான்தான் வந்தேன் என்பேன். கழுத்தில் தாலி, தலையில் பூ, கலர் சேலை, எல்லாம் மாமி சொன்னபடி. அவள் நம்பிக்கையை உடைக்க நான் யார். இந்த வயதில் அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிஞ்சும்.

நம்பினேனா நான். முதல் வருஷம் நம்பினேன் என்று நினைக்கிறேன். வாசலில் நிழல் விழுந்தால் முதலில் காலைப் பார்ப்பேன், கிறிசாந்துக்கு வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும், அதைத் தேடுவேன். தபால்காரர், கேஸ்காரர், ஓட்டு கேட்க வந்தவர்கள், எல்லார் காலையும் பார்த்தாயிற்று. எப்போது பார்ப்பதை நிறுத்தினேன் என்று தெரியவில்லை, ஒருநாள் ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தபோதுதான் நிறுத்திவிட்டது தெரிந்தது. இப்போது கிறிசாந்தின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் சட்டைக் காலரிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டியிருக்கிறது, தாடை வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் கல்யாணப் போட்டோவின் முகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. நல்ல மனுஷன். சாப்பிடும்போது பேசமாட்டார், படுத்த பிறகு பேச்சை நிறுத்தமாட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, அது ஒரு பாக்கியம். மிளகாய்த்தூள் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன் பார், சுரீர் என்கிறது. தேங்காய் அரைக்கிற சத்தத்தில் பிரசங்கம் காதில் விழவில்லை, நிறுத்திப் பார்த்தால் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாமியின் முழங்கால் வலிக்க ஆரம்பித்திருக்கும், ஆனாலும் உட்காரமாட்டாள்.

அந்த ஆங்கிலக்காரர்களுக்கு என்ன பொறுமை. கப்பல் போனபின் கடலில் கிடப்பதற்கு நாலு பெயர் வைத்திருக்கிறார்கள். தானாக மிதப்பது ‘ஃப்ளோட்சம்’, பாரம் குறைக்கக் கையால் எடுத்து எறிந்தது ‘ஜெட்சம்’, அடியில் கிடக்கட்டும், பிறகு வந்து எடுப்போம் என்று மிதப்புக் கட்டி விட்டது ‘லேகன்’. இந்த மூன்றுக்கும் தமிழ் செய்துவிட்டேன். மிதப்பு, எறிசரக்கு, அடையாளம் கட்டிய சரக்கு. பிரமாதமில்லை, புரியும். நாலாவது ‘டெரலிக்ட்’, இனித் திரும்புவோம் என்ற எண்ணமும் இல்லாமல் நம்பிக்கையும் இல்லாமல் விட்டுப்போன கப்பல். மாமி எதை விட்டாள், எதில் மிதப்புக் கட்டி வைத்திருக்கிறாள் என்று அப்போது யோசித்தேன். ஆபீஸில் உட்கார்ந்து யோசிக்கிற யோசனையா இது. இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, காணாமற்போன கப்பல். புறப்பட்டது, சேரவில்லை, செய்தி இல்லை. நியாயமான காலம் கடந்தபின் அது முழு இழப்பாகக் கொள்ளப்படலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நியாயமான காலம் என்றால் எவ்வளவு என்று எழுதவில்லை. முதலாளியிடம் கேட்டேன், கப்பலைப் பொறுத்தது, கடலைப் பொறுத்தது, காற்றைப் பொறுத்தது என்றார். வீட்டைப் பொறுத்தது என்று அவர் சொல்லவில்லை. செய்தி இல்லாத மனுஷனை இறந்ததாகக் கொள்ளச் சட்டம் ஏழு வருஷம் வைத்திருக்கிறது, அதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. எனக்கு நியாயமான காலம் முடிந்துவிட்டது, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. மாமிக்கு முடிந்ததா என்பதுதான் தெரியவில்லை, அதைத்தான் இன்றைக்கு மீன் குழம்பும் வைத்துக்கொண்டு கேட்கப்போகிறேன்.

சென்னியப்பனைச் சொல்ல வேண்டும். புத்தகத்தைக் கணினியில் அடித்து அச்சுக்குத் தயார் செய்பவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மனைவி இறந்தபின் ஊரில் இருக்கப் பிடிக்காமல், வாழ்நாளில் பார்த்தே இராத கடலுக்குப் பக்கத்தில் வந்து கடை போட்டவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஒருநாள் கடையில் கரண்டு போய்விட்டது. பிழைதிருத்தப் போன நான் ஸ்டூலில் உட்கார்ந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏனுங்க, கப்பலு கிப்பலு கவுந்து போச்சுங்களா, கன்னத்துல கை வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?” என்றார். எல்லா ஊரிலும் சொல்கிற பேச்சு. எங்கள் ஊரிலும் சொல்வார்கள், என் எதிரில் மட்டும் சொல்லமாட்டார்கள். நான் வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அந்தப் பேச்சை விழுங்கிவிடும். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்த மைக்கேலம்மா டீச்சர் அவரைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அந்த மனுஷனுக்குப் புரியவில்லை, காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக மறுபடியும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு, வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆமாங்க, கவுந்துதான் போச்சு என்றேன். அப்படி ஒருவர் என்னிடம் சாதாரணமாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று. பிறகு டீச்சர் விஷயத்தைச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் ஆபீஸ் வாசலில் நாட்டுச்சர்க்கரைப் பொட்டலத்தோடு நின்றார். “தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார், பொட்டலத்தை நீட்டினார், என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். மனசில்தான் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் பிழைதிருத்தம் ஆளுக்கொரு பேனாவோடு வாரக்கணக்கில் நடந்தது, தேவைக்கு மேல் நடந்தது, ஒரு காற்புள்ளிக்காக இரண்டு தரம் போயிருக்கிறேன். போன மாதம் கேட்டார். மாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மாமியை விட்டு வரமாட்டேன் என்றும் சொன்னேன். அதற்கென்ன, அவங்களும் நம்மகூட இருக்கட்டும், இல்லாட்டி நான் அங்க வந்துக்கறேன் என்றார். இவ்வளவு சுலபமாக ஒருவரால் சொல்ல முடிகிறதே என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

குழம்பு நுரைக்கிறது, மீனைப் போடலாம். நற்கருணைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இப்போதுதான் பயம் சரியாக வருகிறது. சொன்னால் என்ன செய்வாள். என் பிள்ளையைக் கொன்றுவிட்டாயா என்பாள். இத்தனை வருஷம் உயிரோடு இருந்தவனை நான்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில், மஞ்சள் கையோடு, கொன்றவளாவேன். மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டால். பெட்டியைக் கட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றால். அவள் போய்விட்டால் இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம், அதை இப்போதே தெளிவாகச் சொல்லி வைக்கிறேன் எனக்கு. அம்மா இல்லாமல் வளர்ந்தவள் நான், கொண்டை போடக் கற்றுக் கொடுத்தது அவள், காய்ச்சலில் கஞ்சி ஊற்றியது அவள். சொல்லாமல் விட்டுவிடலாமா. வந்தவருக்குச் சோறு போட்டு, ஆபீஸ்காரர் என்றே சொல்லி அனுப்பிவிட்டு, பழையபடி இருந்துவிடலாமா. பழையபடியும் ஒன்றும் மோசமில்லையே. சாயங்காலம் இரண்டு பேரும் டிவி பார்ப்போம், அவள் பாதிக் கதையில் தூங்கிவிடுவாள், மீதிக் கதையை மறுநாள் நான் சொல்வேன். ஆனால் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்தாலும் இங்கேதான் வந்து இடித்துக்கொள்கிறேன், பிடித்திருக்கிறது. கொத்தமல்லி எங்கே வைத்தேன். தெருவில் பூசை விட்டு வருகிறவர்களின் பேச்சு கேட்கிறது, அந்த இழுத்து இழுத்து வைக்கிற செருப்புச் சத்தம் மாமியுடையது.

மாமி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், முக்காட்டை எடுத்தாள், தண்ணீர் குடித்தாள், செம்பைக் கவிழ்த்து வைத்தாள். சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னட்டி, இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“மாமி, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

தயார் செய்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “தோணி தங்கல, மாமி. மூழ்கிருச்சு. அவரு இறந்துபோயிட்டாரு” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தாள். “தீயக் கொற. அடி பிடிக்கும்” என்றாள். குறைத்தேன். “எனக்குத் தெரியும்” என்றாள்.

“எப்பருந்து?”

“எப்பருந்துன்னா? அந்தக் காத்து அடிச்ச வாரத்துலயே தெரியும். எங்க அப்பனும் தோணிக்காரன், எம் புருசனும் தோணிக்காரன். அந்தக் காத்துல போனது எங்க போயித் தங்கும்?”

“பின்ன ஏன் மாமி எல்லார்ட்டயும் அப்பிடிச் சொன்னீங்க?”

“உனக்கு அப்ப என்ன வயசு? செத்துட்டான்னு நான் வாயத் தொறந்திருந்தா, மறுநாளே இந்தத் தெருக்காரிக வந்து உன் தாலியக் கழட்டி, வெள்ளச்சேலயக் கையில குடுத்து மூலையில உக்கார வச்சிருப்பாளுக. தங்கிருச்சுன்னேன். ஒருத்தி கிட்ட வரல.”

கரண்டியைக் கீழே வைத்தேன். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.”

“நீதான் நம்பிட்டு இருந்தியே. பூவு வைக்கிற, யாரு வந்தாலும் காலக் காலப் பாக்குற. நம்புற புள்ளகிட்ட எப்பிடிச் சொல்ல?”

“நான் எங்க நம்புனேன்? நீங்க நம்புறீங்கன்னுதான் நான் பூவே வச்சேன்.”

மாமி நிலையை விட்டுவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.  இரண்டு கிறுக்கச்சிகள், ஒரே கூரையின் கீழ், ஒருத்திக்காக ஒருத்தி பொய்யைச் சுமந்துகொண்டு. ஒரு தரமாவது யாராவது வாய் தவறி உளறியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது, அவள்மேல் அப்படி ஓர் ஆசையாகவும் இருந்தது.

“இப்ப வாறது ஆபீசுக்காரர் இல்ல, அப்பிடித்தான?” என்றாள்.

“சென்னியப்பன்னு பேரு. கோபிக்காரரு. என்னைக் கட்டிக்கிறேன்னு கேக்குறாரு.”

“நீ என்ன சொன்ன?”

“உங்களக் கேட்டுச் சொல்றேன்னேன்.”

“எங்கிட்ட என்னத்தக் கேக்க. உனக்குப் புடிச்சிருக்கா?”

“புடிச்சிருக்கு மாமி.”

“சரி.” கையை ஊன்றி எழுந்தாள். “நான் போயி அழுதுட்டு வாறேன். அவனுக்குன்னு இன்னும் அழல. நீ சோத்த வடி. அந்த ஆளு வந்தா வாசல்ல நிக்கச் சொல்லு, போயிறப்போறாரு.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.  பிறகு மூச்சு இழுப்பது போல ஒரு சத்தம், பிறகு அவர் பெயர், கிறிசாந்து, கிறிசாந்து, சின்னப் பிள்ளையைத் தெருவில் விளையாட்டிலிருந்து கூப்பிடுவது போல ஆரம்பித்து, பிறகு தெருவே கேட்கிற மாதிரி. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நான் சோற்றை வடித்தேன், கஞ்சியை ஊற்றினேன், என் கண்ணிலிருந்து வருவதை வர விட்டேன். மனசு பாரமில்லாமல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வாசலில் நிழல் விழுந்தபோது சென்னியப்பன் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார், உள்ளே கேட்கிற சத்தத்தில் முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க, நான் வந்ததுனாலீங்களா? அப்பறமா வரட்டுங்களா?” என்றார்.

“போகாதீங்க. அங்கயே கொஞ்சம் நில்லுங்க” என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றார்.

மாமி கதவைத் திறந்து நேராகத் தொட்டிக்குப் போய் முகம் கழுவினாள். துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்து அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“எம் மவன் கிறிசாந்து கடல்ல இறந்துபோயிட்டான். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுங்கம்மா.”

“துட்டி கேக்கன்னு, துக்கம் விசாரிக்கன்னு ஒரு ஆளையும் நான் இந்தப் படி ஏற விட்டதில்ல. நீங்கதான் மொத ஆளு. உள்ள வாங்க.”

அவர் பையைக் கீழே வைத்தார். படியேறி வந்து, அவர் ஊர்ப் பக்கம் துக்க வீட்டில் செய்வது போல, இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினார். மாமி தன் ஈரக் கைகளை அவற்றின்மேல் வைத்தாள்.